தாங்காத பெயர்

கழுத்தில் வந்த நெறிக்கட்டிக்குக் காரணம் என் பெயர்தான் என்று அம்மா முடிவு செய்தபோது, அதைவிட நல்ல காரணம் எந்த மருத்துவரிடமும் இருக்கவில்லை.

என் பெயர் பகஸ்கரா விஸேஸா ஜகத். சூரியன், பேரதிகாரம், உலகம். மூன்றையும் சேர்த்துச் சுமப்பவன் ஐம்பது கிலோவுக்கு உட்பட்டவன், மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளைப் படிக்கிற மாதிரி மூச்சு வாங்குகிறவன். அப்பா கடல் தாண்டிக் காலிமந்தான் தீவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து லாரி ஓட்டுகிறார். நான் பிறந்த சமயம் வீட்டில் பெரிதாகக் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் பெயரைப் பெரிதாகக் கொடுத்துவிட்டார்.

பெயரின் கனம் தாங்காத பிள்ளை அடிக்கடி நோயில் விழும், அதை இறக்கிவிட்டு எளிய பெயர் ஒன்றைச் சூட்டினால் தெளிந்துவிடும் என்பது ஜாவாவில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவிலேயே அப்படிப் பெயர் இறக்கியவர்கள் இருக்கிறார்கள். என்ன, அவர்களெல்லாம் தவழும் வயதில் இறக்கினார்கள். நானோ அதற்குள் ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, இரண்டு பாடங்களில் தோல்வி ஆகிய அனைத்தையும் அந்தப் பெயரில் வாங்கி முடித்திருந்தேன்.

கட்டி முதலில் வேர்க்கடலை அளவில் இடது தாடைக்குக் கீழே வந்தது. வலி இல்லை. சாயங்காலமானால் மட்டும் லேசான காய்ச்சல், விடியும்போது நனைந்த பனியன். ஊர்ச் சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்தது, கட்டி தீரவில்லை. பல்லில் கோளாறாக இருக்கும் என்றார்கள். பல் மருத்துவர் ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டு, பிடுங்கிய பல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது ஒன்றும் செய்யவில்லை போலிருக்கிறதே என்றார். காது மூக்கு தொண்டை நிபுணர் மூன்றையும் பார்த்துவிட்டு மூன்றும் நன்றாக இருப்பதாகச் சொன்னார். சளியைச் சோதித்து டிபி இல்லை என்றார்கள், பிறகு டிபி சளியில் தெரியாமல் நெறிக்கட்டியில் மட்டும் இருக்கலாம் என்றார்கள். ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துப் பார்த்ததில், உறிஞ்சியது போதவில்லை என்று வந்தது. அது என்னவாக இல்லை என்பதை ஒவ்வொருவரும் துல்லியமாகச் சொன்னார்கள். கடைசியில் மாவட்ட மருத்துவமனையில் ஒரு கட்டியை முழுசாகவே வெட்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதற்குள் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்திருந்தது, காலியான இருக்கைக்குக் காத்திருந்த பயணி மாதிரி.

நான் யோக்யா நகரத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். மூன்றாம் ஆண்டில் எங்களை மாடு அறுக்கும் கூடத்துக்குக் கூட்டிப்போய், தாடைக்குக் கீழே இருக்கும் நிணநீர்க் கணுவை, அதாவது நெறியை, கத்தியால் பிளந்து பார்க்கப் பழக்குவார்கள். உள்ளே நிறம் சரியில்லையா, ஓரம் தள்ளு. சரியா, முத்திரை குத்து. கையில் பிடித்த காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். மாடாகப் பிறந்திருந்தால் என் விஷயம் எப்போதோ தெரிந்திருக்கும். மாட்டுக்குத் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

வெட்டி எடுத்ததன் முடிவு வருவதற்குக் காத்திருந்த நாட்களில்தான் அம்மா பெயரைப் பிடித்தாள். அம்மா வீட்டில் பள்ளிச் சீருடை தைக்கிறவள். தையல் பிரிந்தால் நூலில் குறையா, ஊசியில் குறையா, அளவில் குறையா என்று வரிசையாகப் பார்ப்பாள். என் விஷயத்தில் நூலும் ஊசியும் முடிந்துவிட்டன. பாக்கி அளவுதான். ஆளுக்குப் பெயர் பெரிசு.

அம்மா அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னபோது மறுமுனையில் லாரி ஓரங்கட்டி நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு, தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றார். பிறகு, பையன் எழுந்து நடந்தால் சரி என்றார். புதுப் பெயரில் கூப்பிடத் தனக்கு வாய் வராதே என்று கடைசியாகச் சொன்னார். அதற்கப்புறம் அவர் என்னைக் கூப்பிடவேண்டிய இடங்களில் இருமுகிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை பெயர் இறங்கியது. அம்மா அரிசிக் கஞ்சி காய்ச்சி, பாதியில் பனைவெல்லம் போட்டுச் சிவப்பாக்கி, பாதியை வெள்ளையாகவே விட்டு, தட்டுத் தட்டாக ஊற்றி வைத்திருந்தாள். தெருக்காரர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். பள்ளிவாசல் காரியங்களைப் பார்த்துக்கொள்கிற மோதின் வந்து துஆ ஓதினார். இன்று முதல் இந்தப் பிள்ளை வலுயோ என்றார். நலமானவன் என்று பொருள். எனக்குத் தெரிந்து அந்தப் பெயரில் இருப்பவர்கள் மூன்று பேர், மூவருமே ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். எல்லோரும் ஆமீன் சொல்லிவிட்டுக் கஞ்சியைக் குடித்தார்கள். குடித்து முடித்தவுடன் ஒரு சிறு தயக்கமும் இல்லாமல் என்னை வலுயோ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இருபத்தோரு வருடம் பழகிய பெயர் ஒரு தட்டுக் கஞ்சியில் கரைந்துபோனது எனக்கே கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

வந்தவர்கள் போன பிறகு அம்மா ஒரு விதி சொன்னாள். பழைய பெயரைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் நான் திரும்பக்கூடாது, பதில் சொல்லக்கூடாது. இறக்கிவைத்த பெயர் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும். யார் பதில் கொடுக்கிறார்களோ அவர்கள் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அறைத்தோழன் வாஸ்கித்தோ சட்டம் படிக்கிறவன். யோக்யாவில் எங்கள் வாடகை அறையில் அவனிடம் இதைச் சொன்னபோது, அவன் வறுத்த சோயாத் தெம்பேயைத் தின்றுகொண்டே கேட்டுவிட்டு, "உனக்கு ரெண்டு பேரு இருக்கு, நோய்க்கு ஒண்ணுகூட இல்ல. ஆளுக்கு ஒண்ணா வெச்சுக்கங்களேன்டா" என்றான்.

நானும் சிரித்தேன். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. கட்டி வந்த நாளிலிருந்து, நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், அம்மா என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுப்பாள். படுப்பாளே தவிரத் தூங்கமாட்டாள். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து என் மூக்குக்கு நேரே கையை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். நானும் தூங்குகிற மாதிரியே கிடப்பேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து தூங்காமலிருப்பது எவ்வளவு களைப்பாக இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பெயர் இறங்கிய அன்று ராத்திரி அம்மா தன் அறைக்குப் போய்ப் படுத்து, குறட்டை விட்டாள். அந்தக் குறட்டைக்காக வலுயோ என்ன, வேறு எந்தப் பெயரையும் வைத்துக்கொண்டிருப்பேன்.

சிக்கல் செவ்வாய்க்கிழமை வந்தது. முடிவு வந்துவிட்டதாக மருத்துவமனையிலிருந்து செய்தி. புற்றா, இல்லையா, அதைச் சொல்கிற மருத்துவர் செவ்வாயில் மட்டும்தான் உட்காருவார். நானும் அம்மாவும் மோட்டார் பைக்கில் போய், விடியுமுன்னே வரிசையில் நின்று, பதிந்து, பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே சாத்திய கதவு. பக்கத்தில் ஒலிபெருக்கியோடு ஒரு செவிலி. காப்பீட்டு அட்டையில் இருக்கும் பெயரைத்தான் அவள் படிப்பாள் என்பது எங்கள் இருவருக்குமே அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

பத்து மணிவாக்கில் கூப்பிட்டாள். "பகஸ்கரா விஸேஸா ஜகத்."

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மறுபடி கூப்பிட்டாள். சூரியன், பேரதிகாரம், உலகம், ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் இவ்வளவு பெரிய பெயர்க்காரர் யாரென்று சுற்றிப் பார்த்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சுற்றிப் பார்த்தேன். மூன்றாம் தடவையும் கூப்பிட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

எழுந்து போயிருக்கலாம். பத்தடி தூரம். அம்மாவின் பிடியும் அப்படியொன்றும் பலமானதில்லை. ஆனாலும் அதை உதறிவிட்டுப் போக எனக்கு வரவில்லை. மதியம் கதவைப் பூட்டிக்கொண்டு மருத்துவர் போய்விட்டார். என் கழுத்தில் இருப்பது என்னவென்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத் தெரியும், அவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

அந்த வாரம் அக்குளிலும் ஒன்று வந்தது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. வாஸ்கித்தோவிடம் மட்டும் சொன்னேன். இந்தத் தடவை அவன் கிண்டல் செய்யவில்லை. அது அக்குள் கட்டியைவிடப் பயமாக இருந்தது. பெயரைச் சட்டப்படி மாற்ற நீதிமன்றம் போகவேண்டும், அதற்கு மாதக்கணக்காகும் என்று விசாரித்துச் சொன்னான். "நீ பதில் சொல்லு பகாஸ். உங்கம்மா ரெண்டு நாள் அழுவாங்க, அப்புறம் சரியாயிடும்" என்றான்.

அவனுக்கு அந்தக் குறட்டையைப் பற்றித் தெரியாது.

வியாழக்கிழமை வகுப்பை விட்டுவிட்டுத் தனியாக மருத்துவமனைக்குப் போய் அந்தச் செவிலியைப் பார்த்தேன். முடிவை மருத்துவர்தான் சொல்லமுடியும் என்றாள். சரி, அடுத்த வாரம் கூப்பிடும்போது மட்டும் வலுயோ என்று கூப்பிடமுடியுமா என்று கேட்டேன். அவளும் ஜாவாக்காரிதான், சட்டென்று புரிந்துகொண்டாள். அவள் தம்பிக்கும் சின்ன வயதில் பெயர் இறக்கினார்களாம். இருந்தாலும் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு, அண்ணன் என்கிற மாதிரி மாஸ் என்று மரியாதையாகவே கூப்பிட்டுச் சொன்னாள்.

"ரெண்டு பேருன்னா இங்க ரெண்டு ஆளு, மாஸ். ஒருத்தர் கட்டியை எடுத்து இன்னொருத்தர் கழுத்துல ஒட்டவெச்சாங்கன்னு நாளைக்கு நாந்தான் பதில் சொல்லணும்."

நியாயமாகத்தான் இருந்தது. நியாயமானவர்களிடம் கோபித்துக்கொள்ளவும் முடியாது. களைப்புத்தான் மிஞ்சும்.

சனிக்கிழமை ஊருக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் சீருடைக் காற்சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவையும் அம்மா வயதுப் பெண்களையும் எங்கள் பக்கத்தில் இபு என்றுதான் கூப்பிடுவோம்.

"செவ்வாய்க்கிழமை கூப்பிட்டா நான் எழுந்து போயிடுவேன் இபு."

மெஷின் நின்றது. அவள் தலையைத் தூக்கவில்லை.

"வேற யாராச்சும் போய்க் கேட்டாச் சொல்லமாட்டாங்களா, லே?"

"கட்டி என்னுது இபு. நாந்தான் போகணும்."

"ம்" என்றாள். மெஷின் மறுபடி ஓடியது. அவள் அழுவாள், அழுதால் என்ன சொல்வது என்று வண்டியில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். அவள் அழாததால் அதெல்லாம் வீணாகிவிட்டது. அன்று ராத்திரி பாயும் தலையணையுமாக என் கட்டிலுக்குக் கீழே வந்துவிட்டாள். விடியும்வரை என் மூக்குக்கு நேரே கை வந்து வந்து போனது.

செவ்வாய்க்கிழமை அதே பெஞ்சு. நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். என் முறை நெருங்கும்போது தேநீர் வாங்கி வரும்படி அம்மாவைக் கீழே அனுப்பிவிடுவது, அவள் திரும்புவதற்குள் உள்ளே போய்விடுவது. எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கையில், தாகமாக இருக்கிறது, சூடாக ஒரு தேநீர் கிடைத்தால் தேவலை என்றேன். அம்மா பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தாள். பசிக்கிறது என்றேன். பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள். அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன். சோறு நன்றாக இருந்தது.

"பகஸ்கரா விஸேஸா ஜகத்."

கையைக் காகிதத்தில் துடைத்துக்கொண்டு பாதங்களை ஊன்றினேன். அம்மா என் தொடையில் கையை வைத்து அழுத்தினாள். மணிக்கட்டைப் பிடித்த போன வாரத்துப் பிடி இல்லை இது. பெஞ்சிலிருந்து எழுந்திருக்க ஊன்றுகோல் வேண்டியிருப்பவர்கள் வைக்கிற மாதிரியான கை. என் தொடையை ஊன்றி அவள் எழுந்து நின்றாள்.

"நாந்தான்" என்றாள்.

செவிலி அட்டையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "இபு, இது ஆம்பளைப் பேரு."

"நாந்தாம்மா."

"வயசு இருபத்தொண்ணுன்னு போட்டிருக்கு இபு."

"பரவால்ல" என்றாள் அம்மா.

யார் பதில் கொடுக்கிறார்களோ அவர்கள் மேல் ஏறும். மூன்று ராத்திரி மூச்சைப் பார்த்துக்கொண்டே அவள் யோசித்தது அதைத்தான். யாராவது ஒருவர் பதில் சொல்லாமல் அந்தக் கதவு திறக்காது என்று தெரிந்துபோயிற்று. அந்த ஒருவர் நானாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

செவிலி என் பக்கம் திரும்பி, நீங்கள் யார் என்று கேட்டாள். போன வியாழக்கிழமை என்னோடு கால்மணி நேரம் பேசியவள். கேட்கும்போது அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. துணைக்கு வந்தவன் என்றேன். சரி, துணைக்கு ஒருவர் போகலாம் என்று கதவைத் திறந்துவிட்டாள்.

மருத்துவர் ஹர்யந்தி ஐம்பதைத் தாண்டியவர். காலையிலிருந்து நாற்பது கழுத்தாவது பார்த்திருப்பார், கண்ணில் தெரிந்தது. நோயாளி நாற்காலியில் அம்மா உட்கார்ந்தாள். நான் சுவரோரத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"பகஸ்கரா?" என்றார், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நாந்தாங்க."

மருத்துவர் நிமிர்ந்தார். அம்மாவைப் பார்த்தார். என் கழுத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு முன் அங்கே வெட்டியதே அவர்தான். நான் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். வாதாடி இதைச் சரிசெய்யத் தன்னிடம் தெம்பிருக்கிறதா என்று கணக்குப் பார்த்திருப்பார். பிறகு நாற்காலியை அம்மா பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"சரி, இபு. உங்க கட்டியை வெட்டிப் பாத்தோம். கான்சர் செல் எதுவும் கண்ணுல படல. டிபி கிருமியும் தெரியல."

அம்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப என்னங்க அது?"

"தெரியல."

அந்த வார்த்தையை ஒரு மருத்துவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் எல்லோரும் அதைச் சொல்லாமலிருக்கத்தான் அத்தனை மாத்திரை எழுதியிருக்கிறார்கள்.

நெறிக்குள்ளே அங்கங்கே திட்டுத் திட்டாகச் செல்கள் செத்திருக்கின்றன என்று மருத்துவர் விளக்கினார். இளவயதுக்காரர்களுக்கு, காரணம் தெரியாமலே வந்து, சில மாதத்தில் தானாகவே வடிந்துபோகிற ஒரு வகை உண்டு. அதுவாக இருக்கலாம். அதுதான் என்று அடித்துச் சொல்ல இங்கே வசதி போதாது. பெரிய ஆய்வகம் ஒன்றுக்கு மறுபடி பார்க்க அனுப்பியிருக்கிறார். அதுவரை டிபி மாத்திரை வேண்டாம், ஸ்டீராய்டு வேண்டாம், யார் சொன்னாலும் எதையும் தேய்க்கவோ உருவிவிடவோ வேண்டாம்.

"நல்லதா, கெட்டதாங்க? அதைமட்டும் சொல்லுங்க" என்றாள் அம்மா.

"கெட்டதுன்னு சொல்ல இதுல எதுவும் இல்ல, இபு. நல்லதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட எனக்கும் தைரியம் இல்ல. மூணு மாசம் பாப்போம்."

மூன்று மாதம். புற்று இல்லை என்ற பாதியை மட்டும் வைத்துக்கொண்டு சந்தோஷப்பட முயன்றேன். உடம்பு ஒத்துழைக்கவில்லை. சந்தோஷப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

மருத்துவர் எழுந்தார். "பேஷன்டைப் பாத்தாச்சு. துணைக்கு வந்தவரையும் ஒரு தடவை பாத்துடறேன், வந்ததுக்கு. மாஸ், இப்படி வெளிச்சத்துல வாங்க."

கழுத்தின் இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். காதுக்குப் பின்னால், தோள்பட்டைக் குழியில். அக்குளைக் காட்டினேன். அங்கே விரல் வந்ததும் ஒரு கணம் நின்றது. எப்போதிலிருந்து என்று காதோரமாகக் கேட்டார். போன வாரம் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, பகஸ்கராவின் காகிதத்தில் போய் எதையோ எழுதினார். மூன்று மாதத்தை அடித்துவிட்டு ஒரு மாதம் என்று மாற்றினார். அம்மா அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"உங்க பேரு என்ன மாஸ்?"

"வலுயோ."

என் பெயர் இதுதான் என்று என் வாயால் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை.

"எங்க ஆபீஸ் டிரைவர் பேரு" என்றார் மருத்துவர். "திடமான ஆளு."

வெளியே வந்தோம். அடுத்த மாதத் தேதியைப் போட்டுக்கொடுத்த செவிலி, பகஸ்கரா தவறாமல் வந்துவிட வேண்டும் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். வந்துவிடுகிறேன் என்றாள் அம்மா.

ஊருக்குத் திரும்பும் கிளாத்தேன் சாலையில் வெயில் கண்ணைக் குத்தியது. கரும்பு லாரி ஒன்றுக்குப் பின்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். புகையிலை உலர்த்தும் கொட்டகைகளைத் தாண்டியபோது அம்மா என் முதுகில் சாய்ந்தாள். தூங்கிவிட்டாளோ என்று வேகத்தைக் குறைத்தேன்.

தூங்கவில்லை. "தோளெல்லாம் கனமா இருக்கு, லே" என்றாள்.

"ராத்திரி பூரா உக்காந்தே இருந்தீங்க இபு, அதான்."

"அதில்ல."

சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தாங்கற கனந்தான். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."